வேலையில்லாத நாளில் எடுத்த இரத்தம்

அனுப்புநர்:
இ. எழில்,
இருளம்மாளின் மகள்,
எம். புதுப்பட்டி, சிவகாசி வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
விருதுநகர்.

பொருள்: பட்டாசுத் தொழிலாளர்களுக்கு வேலை நடக்கும் நாளில் இரத்தப் பரிசோதனை செய்யக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

என் அம்மா வேலை பார்க்கும் பட்டாசு ஆலை, ஆட்கள் ஓய்ந்திருந்த நாளாகப் பார்த்து இரத்தம் எடுத்து, எல்லோரும் நலம் என்று சான்று வாங்கியிருக்கிறது.

1. தீபாவளி முடிந்து ஒரு மாதம் ஆலை மூடிக் கிடந்தது. திறந்த அன்று, பூஜைக்கு வந்தவர்களை வரிசையில் நிறுத்தி இரத்தம் எடுத்தார்கள். உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு அம்மாவுக்குச் சரியாகவே இருந்தது. இருக்காதா? ஒரு மாதம் தூசி இல்லை. உட்கார்ந்து சாப்பிட்டார், தூங்கினார். ஓய்வு கிடைத்தால் சில நாளிலேயே இறங்கிவிடக்கூடிய அளவு அது.

2. அதே பரிசோதனைச் சீட்டில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை கூடியிருந்தது. அது தீபாவளிக்கு முந்தைய சீசன் நாட்களையும் சேர்த்துக் காட்டும் சோதனை. விளக்கம் கேட்ட அம்மாவிடம் ஃபோர்மேன் மொக்கைச்சாமி சொன்னது: "தீவாளிக்கு அதிரசத்த அமுக்குனவுக ரத்தத்துல சக்கர இல்லாம உப்பா இருக்கும்?" கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார்.

3. அம்மாவுக்கு வேலை, வெடிக்கு மருந்து செலுத்தும் அறையில். இப்போது மறுபடியும் சீசன். காலையில் விரல்கள் மடங்குவதில்லை. சேலைக் கொசுவத்தை நான்தான் செருகிவிடுகிறேன். பாக்கெட் போடும் பக்கம் மாற்றிவிடக் கேட்டார். பழைய சீட்டைக் காட்டி அதே அறைக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

4. போன வாரம் வேலை முடிந்த கையோடு சாத்தூருக்குக் கூட்டிப்போய்ப் பரிசோதித்தேன். சி.ஆர்.பி. பல மடங்கு ஏறியிருக்கிறது. நகல் இணைத்துள்ளேன். வெளிச்சீட்டு செல்லாது என்கிறது கம்பெனி.

மருந்துத் தூசிதான் காரணம் என்று நான் முடிவு கட்டவில்லை. காரணம் இல்லை என்று முடிவு கட்டியது கம்பெனி. அதுவும் தூசியே பறக்காத நாளில்.

முன்தகவல் கொடுக்காமல், வேலை மும்முரமாக நடந்து சரக்கு லோடு ஏறும் நாளில் அரசு மருத்துவக் குழுவை அனுப்புங்கள். வேலை முடிந்து வரும் பெண்களிடம் வாசலிலேயே இரத்தம் எடுக்கட்டும். முடிவு முதலில் அவர்கள் கைக்கு வரட்டும். அதுவரை என் அம்மாவை அந்த அறைக்குள் அனுப்பக் கூடாது என்று உத்தரவிடுங்கள்.

"பரிசீலிக்கப்படும்" என்ற பதில் எனக்கு வேண்டாம். நாளை காலை கம்பெனி வண்டி எங்கள் தெருவுக்கு வரும். அம்மா ஏற வேண்டுமா, வேண்டாமா? எழுத்தில் சொல்லுங்கள்.

இடம்: விருதுநகர்
நாள்: 11.08.2025

(ஒப்பம்)
இ. எழில்