ஒரு முழம் உள்ளே

அக்கா,

போன சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, ரேடியோவில் உங்கள் நேரத்தில் வேறொரு குரல் பேசியது. கல்லூரிப் பெண் போல இருந்தது. “சைக்கிள்ல போறவங்களுக்கும், அவங்களுக்குப் பின்னாடி வர்றவங்களுக்கும் வணக்கமுங்க” என்று நீங்கள் சொல்வதை அப்படியே சொன்னாள். நான் கோழிப்பண்ணையில் முட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். வண்டி ரேடியோவில் அந்த வரி வந்ததும், பழக்கதோஷத்தில் “வணக்கமுங்கக்கா” என்று வாய் சொல்லிவிட்டது. முட்டை அட்டை அடுக்கும் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு வண்டியின் பின்பக்கம் போய், கட்டிய கயிறு சரியாக இருக்கிறதா என்று வெகுநேரம் பார்த்தேன். கயிறு சரியாகத்தான் இருந்தது.

நான் கடைசியாக எழுதிய கடிதம் பத்தாம் வகுப்பில், வயிற்றுவலி என்று பொய் சொல்லிக் கொடுத்த விடுப்புக் கடிதம். நாலு வரியில் ஆறு பிழை. இதிலும் இருக்கும், கண்டுகொள்ளாதீர்கள்.

உங்களிடம் நான் முதன்முதலில் பேசியதே சண்டை போடத்தான். அங்கன்வாடி வேலைக்குத் தினமும் சைக்கிளில் போகிற ஒரு அம்மா, நம்மூர்க் கல்லூரி வானொலியில் வாரம் ஒரு நாள் சைக்கிள் பற்றியே பேசுகிறார் என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஒருநாள் லாரிக்காரர்களைக் கொஞ்சம் பலமாகவே சொல்லிவிட்டீர்கள். வண்டியை ஓரங்கட்டி போன் போட்டேன். சைக்கிள்காரர்கள் நடுரோட்டில் வருகிறார்கள், நான் முட்டை ஏற்றிப் போகிறவன், திடீரென்று பிரேக் அடித்தால் அத்தனையும் கூழாகிவிடும் என்று பொரிந்து தள்ளினேன். முழுதும் கேட்டுவிட்டு நீங்கள் நிதானமாகச் சொன்னீர்கள்:

“ஏனுங் தம்பி, முட்டைக்குக் குடுக்கற மரியாதைய மனுசனுக்குங் குடுத்தா கொறஞ்சா போயிருவீங்க?”

அந்த வானொலி கேட்கும் அத்தனை ஊரிலும் கேட்டுவிட்டது. குடோனில் ஒரு வாரம் என்னை ‘மரியாதை’ என்றுதான் கூப்பிட்டார்கள். அடுத்த வாரம் நீங்களே போன் செய்து, டிரைவர் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும், நேரில் வந்து பேசுங்கள் என்றீர்கள். நான் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ரேடியோவுக்கு எதற்குத் தேய்த்த சட்டை என்று வீட்டில் கேட்டதற்கு, காலரையும் ஒரு தரம் சரிசெய்துகொண்டேன்.

சைக்கிளில் போகிறவர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்று கேட்டீர்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஓரமாகப் போங்கள், எவ்வளவு ஓரமாக முடியுமோ அவ்வளவு ஓரமாகப் போங்கள் என்றேன். இருபது வருடம் ஸ்டியரிங் பிடித்ததில் நான் கண்ட ஞானம் அவ்வளவுதான்.

அப்போதுதான் அந்த போன் வந்தது. ஒரு பெண்பிள்ளை. பேர் சொல்ல மாட்டேன் என்றாள்.

“பதினொண்ணாவதுல எங்களுக்கு சைக்கிள் குடுத்தாங்கக்கா. எங்கப்பா லாரி ஓட்டறாரு. ரோட்டுல விடமாட்டேன்னு சைக்கிளச் சங்கிலி போட்டுப் பூட்டிட்டாரு. காலைல எட்டு மணி ஸ்பெஷல் கிளாசுக்கு எங்கூர்ல பஸ் இல்லீங்க. இப்பக்கூட அங்க கிளாஸ் நடக்குது, நான் ஊட்டுல இருக்கறேன். இப்படியே போனா நான் பாஸாக மாட்டேனுங்க.”

பேர் எதற்கு? காதில் மாட்டிய ஹெட்போனுக்குள் என் மகள்தான் உட்கார்ந்திருந்தாள். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். புரிந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. அப்பா ஏன் வேண்டாம் என்கிறார் என்று அவளையே கேட்டீர்கள்.

“பயமுங்க. வெளிய கோவம் மாதிரி காட்டிக்குவாரு.”

நீங்கள் மைக்கை என் பக்கம் தள்ளினீர்கள். டிரைவர் தம்பி அந்த அப்பாவுக்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டீர்கள். ஓரமாகப் போனால் பரவாயில்லை என்று ஏதோ முனகினேன். அந்த ஓரத்தில் அவரே ஒரு தடவை ஓட்டிப் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

மறுநாள் ஞாயிறு. நீங்கள் சைக்கிள் மிதித்து எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள். வேறு வழியில்லாமல் சங்கிலியைக் கழற்றினேன். மகளின் சைக்கிளில் நான் முன்னே, உங்கள் சைக்கிளில் நீங்கள் பின்னே. லாரி சீட்டில் இருந்து பார்க்கும்போது ஓரம் என்பது ஒரு வெள்ளைக் கோடு. சைக்கிளில் இருந்து பார்த்தால் அங்கே ஜல்லி, உடைந்த பாட்டில், முள்ளு, அதற்கப்புறம் தார் முடிந்து ஒரு சாண் பள்ளம். நான் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு போகும்போது பின்னால் ஹாரன் அலறியது. யோவ், ஓரமாப் போய்யா என்று கத்தியபடி ஒரு லாரி உரசிக்கொண்டு போனது. ஓட்டியது எங்கள் குடோன் ஆள்தான். தினமும் என்னோடு டீ குடிக்கிறவன். என்னை அடையாளம் தெரியவில்லை. நான் இன்னும் ஓரம் போனேன். முன்சக்கரம் தாரிலிருந்து நழுவியது. மேலே ஏற்றப் பார்த்து, வேலிக்கருவைப் புதரில் போய் விழுந்தேன். அந்தப் பக்கம் விழுந்ததால் இதை எழுதுகிறேன். ரோட்டுப் பக்கம் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு லாரிக்காரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கை கால் எல்லாம் அசைகிறதா என்று பார்த்த பிறகுதான் நீங்கள் சிரித்தீர்கள். பிறகு குத்தவைத்து உட்கார்ந்து, பூக்காரி அளப்பதுபோல, தார் விளிம்பிலிருந்து முழங்கையை வைத்து அளந்து காட்டினீர்கள்.

“ஒரு முழம் உள்ள வரோணுங் தம்பி. அங்க போனாத்தான் உழுகாம போலாம். அந்த ஒரு முழத்த உங்களாட்டம் ஆளுக உட்டுக் குடுக்கோணும்.”

அடுத்த சனிக்கிழமை, கையில் பிளாஸ்திரியோடு மறுபடி வந்து, போன வாரம் நான் சொன்னது தப்புங்க என்று ரேடியோவில் ஒப்புக்கொண்டேன். திங்கட்கிழமை மகள் சைக்கிளில் போனாள். அந்த வாரம் முழுக்க என் கண் ரோட்டிலும் மனம் அவள் சைக்கிள் பின்னாலும் இருந்ததில், லோடில் உடைந்த முட்டைதான் வீட்டில் மூன்று வேளையும் குழம்பு.

நீங்கள் படுத்துவிட்டீர்கள் என்று தெரிந்து சேலத்து ஆஸ்பத்திரிக்கு வந்தேன். சோறே இறங்காத உங்களுக்கு ஓர் அட்டை முட்டை கொண்டு வந்த புத்திசாலி நான். நர்ஸ் முறைத்தார். நீங்கள் உங்கள் உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பொண்ணு போகிறாளா என்றுதான் கேட்டீர்கள். போகிறாள் என்றேன். உங்களுக்குப் பயம் போய்விட்டதா என்றீர்கள். பொய் சொல்ல வாய் வரவில்லை. இல்லீங்கக்கா, தினமும் பயந்துகொண்டேதான் இருக்கிறேன் என்றேன்.

“இருக்கட்டும். அது உங்களோடயே வண்டியில வரட்டும். புள்ளைகிட்டக் குடுத்துராதீங்க.”

நீங்கள் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

மகள் இப்போது பன்னிரண்டாவது. இந்தச் செவ்வாய்க்கிழமை லோடு ஏற்றிக்கொண்டு மோகனூர் ரோட்டில் வரும்போது, முன்னால் அவள் போய்க்கொண்டிருந்தாள். நீலத் தாவணி, முதுகில் மூட்டை போலப் பை. எதிர்ப்பக்கம் பஸ்ஸும் டெம்போவும் விடாமல் வந்தன. விலகிப் போக இடமில்லை. ஹாரன் பட்டனில் இருந்து கையை எடுத்துவிட்டு, இரண்டாவது கியரில் பின்னாலேயே உருட்டினேன். எனக்குப் பின்னால் வந்த வண்டிக்காரர்கள் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார்கள். என் முதுகு நனைந்துவிட்டது. அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பள்ளிக்கூட கேட்டுக்குள் சாவகாசமாகத் திரும்பிப் போனாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். காலையில் பின்னால் ஒரு லாரி வந்ததாம், பள்ளிக்கூடம்வரை ஹாரனே அடிக்கவில்லையாம். “பாவம்மா, அந்த வண்டியில ஏதோ கோளாறு போல. நகரவே முடியல.”

நான் தட்டைப் பார்த்துக்கொண்டே, “இருக்குஞ்சாமி” என்றேன்.