டீசல் குடித்தது உன் கால் அல்ல

மூன்று மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை உன் வண்டியின் மட்கார்டுக்குள் கையை விட்டபோது ஒரு துணி அகப்பட்டது. இழுத்தேன். தூசியும் எண்ணெய்ப் பிசுக்குமாகக் கறுத்துச் சுருண்டிருந்தது. விரித்துப் பார்த்தால் நடுவில் கொஞ்சம் நீலப் பூ. என் மனைவியின் பழைய பாத்தேக் கைலி. கிழிந்த கைலிகளைத் துண்டு துண்டாக வெட்டி, கை துடைக்க அவள்தான் பட்டறைக்குக் கொடுத்தனுப்புவாள். நீ போய் ஏழு மாதம் கழித்து, நீ சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்தது இப்படித்தான்.

வண்டிக்கு ஸ்நோர்கல் போட நீ வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. நிபோங் திபால் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் உனக்கு மேற்பார்வை வேலை. அதற்கு முந்தின வாரம்தான், மழைத் தண்ணீர் ஏறிய பாதையில் உன் வண்டி நடுவிலேயே நின்றுபோய், காய்ச்சலில் கிடந்த தொழிலாளி ஒருவரை நீ தோளில் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு நடந்திருந்தாய். "ஸ்டைலுக்கு வேணாம்டா. தண்ணியில நிக்காம போனா போதும்" என்றாய். கூரை உயரத்திலிருந்து எஞ்சினுக்குக் காற்றை இழுத்துத் தரும் அந்தக் கறுப்புக் குழாயை நானே என் கையால் மாட்டினேன். மட்கார்டில் ஓட்டை போடும்போது இரும்புத்தூள் உள்ளே விழாமலிருக்க, காற்றுப் போகும் வளைவில் ஒரு துணியை அடைத்து வைப்பது வழக்கம். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். அன்று வெள்ளத்துக்குப் பிறகு வந்த வண்டிகள் ஜெலுத்தோங் சாலை ஓரம்வரை நின்றன. அடுத்த வண்டிக்குத் தாவினேன். மறந்துவிட்டேன்.

மறதியை நீ மன்னித்திருப்பாய். நான் எழுத வந்தது அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி.

ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை நம் ஃபோர்வீல் வண்டிக்காரர்கள் கூட்டம் கூடும் ஒட்டுக்கடையில், தேநீருக்கு நடுவே, நீ மெதுவாகத்தான் கேட்டாய்.

"டேய், அதைப் போட்டதிலேருந்து எண்ணெ அதிகமா குடிக்குதுடா. முன்ன திங்கக்கிழமை ஃபுல் டேங்க் அடிச்சா சனிக்கிழமை வரைக்கும் ஓடும். இப்ப வெள்ளிக்கிழமையே லைட் எரியுது. ஒருக்கா தொறந்து பாரேன்."

பக்கத்து மேசையில் ஸ்நோர்கல் போடுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்காகத்தான் பேசினேன்.

"ஸ்நோர்கல் காத்ததான் குடிக்கும், எண்ணெய குடிக்காதுலா. குடிக்கிறது உன் காலு. யானைக்கால் மாதிரி அழுத்தினா எந்த வண்டி தாங்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அன்றிலிருந்து கூட்டத்தில் உனக்கு அதுவே பெயராகிவிட்டது. யானைக்கால் வந்தாச்சா, யானைக்காலுக்கு ஒரு தே ஓ என்று உன் கடுந்தேநீர்கூட அந்தப் பெயரில்தான் வந்தது. நான் வைத்த பெயர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நான் சொன்னது பொய்யுமில்லை. ஒழுங்காக மாட்டிய ஸ்நோர்கலால் டீசல் செலவு கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் கூடாது. எத்தனையோ பேருக்கு இதை விளக்கியிருக்கிறேன். ஆனால் ஒழுங்காக மாட்டினேனா என்று அன்று நான் பார்க்கவில்லை. பார்க்காததற்குக் காரணம் சோம்பலும் இல்லை. நீ கடையிலிருந்து கிளம்பியபோது உன் வண்டியின் புகைபோக்கியில் கரும்புகை வந்ததை நான் பார்த்தேன். முப்பது வருடம் டீசல் வண்டியோடு மல்லுக்கட்டியவனுக்கு, கரும்புகை என்றால் எஞ்சினுக்குக் காற்றுப் போதவில்லை என்று தெரியாதா? கையைத் தட்டி உன்னை நிறுத்தியிருக்கலாம். அந்த இரண்டு பேரும் இன்னும் உட்கார்ந்திருந்தார்கள். தேநீர்க் கோப்பையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

அப்புறம் நீ அதைப் பற்றிப் பேசவே இல்லை. கோபம் என்று நினைத்தேன். தானாகப் போய்விடும் என்று விட்டுவிட்டேன். இரண்டு மழைக்காலம் அப்படியே போயிற்று. பிறகு ஒரு காலையில் உனக்கு நெஞ்சு வலி என்று போன் வந்தது. நான் தீவிலிருந்து பாலத்தைத் தாண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

இப்போது உன் வண்டியில் உன் மகள்தான் பத்து காவான் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறாள். கார் கழுவுகிற இடத்தில் இடித்து ஸ்நோர்கல் பிளந்துவிட்டது என்று அந்தச் செவ்வாய்க்கிழமை கொண்டுவந்தாள். அதைக் கழற்றும்போதுதான் துணி வந்தது. அவள் என் பின்னாலேயே நின்றாள்.

"என்ன அங்கிள் அது?"

"ஒண்ணுமில்லம்மா. எல குப்ப."

சட்டென்று சட்டைப்பையில் திணித்துக்கொண்டேன். நீ இறந்த பிறகும், உன் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, இன்னொரு முறை மறைத்தேன். புதுக் குழாயை மாட்டி அனுப்பினேன். வீடு போய்ச் சேர்ந்ததும் அழைத்தாள். "பாலத்துல ஏறும்போது ரொம்ப லைட்டா போச்சு அங்கிள். என்ன செஞ்சீங்க? அப்பா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு." லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் பட்டறையைப் பூட்டிவிட்டு பாகான் டாலாமில் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவியிடமும் மகளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். துணியை, கரும்புகையை, இலைக் குப்பை என்று சொன்னதை. வாசலில் நின்ற உன் வண்டியை உன் மனைவி பார்த்தார்.

"நீங்க அப்படிச் சொன்னதுக்கப்புறம் அவரு சப்பாத்து போட்டு ஓட்டினதே இல்ல அண்ணே," என்றார். "சப்பாத்த கழட்டி சீட்டுக்குக் கீழ வச்சிட்டு, வெறுங்காலோடதான் நிபோங் திபால் வரைக்கும் போவாரு. கால் லேசா இருக்கணுமாம். மழையில மண்ணு ஒட்டி, பெடல் சுட்டு, பித்தவெடிப்புலாம் வந்துச்சு. வண்டியதான் ஒருக்கா காட்டிப் பாருங்களேன்னு நான் சொன்னேன். அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும், வண்டிய பத்தி அவனுக்குத் தெரியாததா, தப்பு என் கால்லதான்னாரு."

நீ கோபித்துக்கொள்ளவே இல்லை. நான் சொன்னதை நம்பியிருக்கிறாய்.

"அவரு இருக்கும்போது வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்," என்றார் உன் மனைவி. திட்டவில்லை. தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார். உன் மகள் என்னைப் பார்க்காமல் எழுந்து அவர் பின்னால் போனாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை ஒட்டுக்கடையிலும் சொன்னேன். அதே மேசை, ஏறக்குறைய அதே ஆட்கள். இனி அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்றேன். ஒருத்தன் என் தோளைத் தட்டி, "விடுங்கண்ணே, ஆளே போயாச்சு. இப்ப என்ன ஆகப்போவுது" என்றான். அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். உன்னைப் பார்த்துச் சிரித்தபோது அத்தனை பேரும் என் பக்கம் இருந்தார்கள். இதையும் சுலபமாக மன்னித்துவிட்டார்கள். மன்னிக்க அவர்கள் யார் என்று எனக்குக் கத்தத் தோன்றியது.

இப்போது யாராவது வந்து வண்டி எண்ணெய் அதிகம் குடிக்கிறது என்றால் நான் எதிர்த்துப் பேசுவதில்லை. நான் மாட்டியதையே முதலில் கழற்றிப் பார்க்கிறேன். வாடிக்கையாளர்கள் என்னை நேர்மையானவன் என்கிறார்கள். அது நேர்மை இல்லை. நான் சொல்வதை நம்பி இன்னொருவன் தன்னைத் திருத்திக்கொள்ளக் கிளம்பிவிடுவானோ என்ற பயம்.