உமி கூடாது

சதுரங்கப்பட்டினத்தில் மாமாவோடு இருக்கும் அக்காள் நாகம்மாளுக்கு, கோட்டைக்குப்பத்திலிருந்து தங்கை முத்தம்மாள் கும்பிட்டு எழுதிக்கொள்வது. நானும் நைனாவும் சுகம். உன் மகள் ராஜாத்தி எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதைக் கேட்டு நீ பயந்துவிடக் கூடாது.

மாமா படித்துக் காட்டும்போது பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளச் சொல். நான் கோட்டைப் பள்ளிக்குப் போனது இரண்டு வருஷம்தான். அம்மா போன பிறகு வீட்டுக்கு ஆள் வேண்டும் என்று நின்றுவிட்டேன்.

வாடைக் காற்று எழும்பினால் படகுக்காரர் தசரதன் நாளைக்கே படகை எடுத்துவிடுவார். அந்தப் படகில் ராஜாத்தியை அனுப்பு என்று சொல்லி விட்டிருந்தாய். அனுப்பவில்லை அக்கா. ஏன் என்று எழுதுகிறேன்.

அவளுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தை. போன வாரம் கன்னம் வீங்கி, கஞ்சியைக்கூட ஒதுக்கினாள். கிராம்பு வைத்தும் அடங்கவில்லை. நைனா கோட்டைக்கு இறால் கொடுக்கும் பழக்கத்தில் அங்கே இருக்கும் உலாந்தா வெள்ளைக்கார வைத்தியரிடம் கேட்டார். நேற்றுக் காலை கூட்டிப்போனோம். குறடைப் பார்த்ததும் நைனா வாசலிலேயே நின்றுவிட்டார். நான்தான் பிள்ளையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். ஒரே முறுக்கு, வந்துவிட்டது. பல்லை விட வைத்தியரின் சிவந்த தாடிக்குத்தான் அவள் அதிகம் பயந்தாள். பால் பல்தான், மறுபடி முளைக்குமாம்.

வைத்தியர் துணியை மடித்துப் பள்ளத்தில் வைத்துக் கடிக்கச் சொல்லிவிட்டு ஏதோ பேசினார். அவர் பேச்சை நமக்குச் சொல்லும் துபாஷி நெல்லூர்ப் பக்கத்துக்காரர். அவர் என்னிடம், "நாளைக்கு இந்நேரம் வரிக்கும் உம்மி கூடாது, தெரிஞ்சிதா?" என்றார். தலையை ஆட்டினேன். நாம் உமிக்கரியில்தானே பல் தேய்க்கிறோம், அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். திருப்பிக் கேட்கலாம் என்றால் சுற்றி நாலைந்து ஆண்கள் நின்றார்கள். கேட்காமலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் உமிக்கரிச் சட்டியைத் தூக்கிப் பரண்மேல் வைத்தேன். துணி நனைந்ததும் எடுத்துப் போட்டுவிட்டுத் துப்பச் சொன்னேன். சிவப்பாக வந்தது. தண்ணீர் கொடுத்துக் கொப்பளிக்க வைத்தேன். கெட்ட இரத்தம் எல்லாம் போய்விட்டால் நின்றுவிடும் என்று மறுபடி மறுபடி துப்பச் சொன்னேன். நிற்கவில்லை. பொழுது சாயும்போது முகம் வெளுத்துப்போய், "சித்தி, இன்னும் துப்பணுமா?" என்று கேட்டாள்.

நல்லவேளை, மீன் எடுக்க ஜெயம்மா வந்தாள். வாசல் மணலைப் பார்த்துவிட்டு என்ன இது என்றாள். துபாஷி சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் வீட்டில் தெலுங்குதானே, தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப் பைத்தியமே, நெல்லு உமி இல்லடி. எங்க பாசையில உம்மின்னா எச்சி. துப்பாதேன்னு சொல்லிக்கீறான், நீ நாளெல்லாம் துப்ப வெச்சிக்கீறே."

அப்புறம் வெள்ளைத் துணியை மடித்து அழுத்திக் கடிக்க வைத்தோம். தலை தாழாமல் என் மார்பில் சாய்த்து உட்கார வைத்துக்கொண்டேன். விளக்கு வைக்கும் நேரத்துக்கு நின்றது.

இன்று விடிந்ததும் நான் தனியாகக் கோட்டை வாசலுக்குப் போனேன். நானா என்று கேட்பாய். நான்தான். துபாஷியை வரச்சொல்லி ஒவ்வொன்றாகக் கேட்டேன், புரியாததை மூன்று தரம் கேட்டேன். நேற்று ஊமை மாதிரி இருந்தாயே என்று சிரித்தார். இன்று முதல் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்திருந்து தானாக வடிய விட வேண்டும். சூடாக எதுவும் ஆகாது. எதையும் உறிஞ்சவே கூடாது. இவளோ நண்டுக்கால் கேட்டு உயிரை எடுக்கிறாள். ஆறின கஞ்சியைக் கரைத்து ஊட்டுகிறேன்.

காலையிலிருந்து அவள் கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். சுடுகிற மாதிரி இருக்கிறது, அப்புறம் இல்லாத மாதிரியும் இருக்கிறது. என் கைதான் சுடுகிறதோ என்னவோ. இந்த ஓலையைப் பாதியில் வைத்துவிட்டு நாலு தரம் எழுந்து போய் வாயைத் திறக்கச் சொன்னேன். ஈ பூந்துடும் போ என்கிறாள்.

படகு அலையில் தூக்கிப் போட்டால் புண் திறந்துகொள்ளும். வழியில் யார் பார்ப்பார்கள்? அதனால்தான் அனுப்பவில்லை. வேறு காரணம் ஒன்றும் இல்லை. புண் ஆறப் பத்து நாள் ஆகுமாம். பதினைந்தும் ஆகலாம்.

என்மேல்தான் தப்பு. நான் எழுதாவிட்டால் உனக்குத் தெரிந்திருக்காது, ஆனாலும் எழுதிவிட்டேன். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. நீயும் மாமாவும் குறையில்லாமல் இருக்க வேண்டும். பிள்ளையை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் என்னிடம் விட்டு வை அக்கா. இனிமேல் எனக்குக் கேட்கத் தெரியும்.

உன் தங்கை,
முத்தம்மாள்