வாய்தா வாங்கும் கால்

நவம்பர் 18, 2024

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போய், வரி அலுவலகத்தில் இரண்டு மாடி ஏறி, ஒரே ஒரு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பினேன். வாய்தா. மேல்முறையீட்டு அதிகாரி என் ஊன்றுகோலைப் பார்த்தார். காலிப்பர் மாட்டிய வலது காலைப் பார்த்தார். "கூர்ச்சோண்டி மேடம்" என்று நாற்காலியைக் காட்டி, உருகிப்போய் அடுத்த தேதி கொடுத்தார். முகத்தை மட்டும் பார்க்கவில்லை. லிப்ட் வழக்கம்போல ரிப்பேர்.

இருபது வருடமாக வரி வக்கீல். சீனியர் நரசிம்மன் வாதாடுவார், நான் வாய்தா வாங்குவேன். "காஞ்சனா, நீ போனா எவனும் மறுக்க மாட்டான்மா." பேசாமல் சட்டப் பட்டத்தைக் கழற்றிவிட்டு, காலின் எக்ஸ்ரேவைச் சுவரில் மாட்டலாம்.

டிசம்பர் 3

மாற்றுத்திறனாளிகள் தினம். வக்கீல் சங்கத்தில் எனக்குத் தன்னம்பிக்கை விருது. மேடைக்குச் சாய்தளம் கிடையாது. நாலு பேர் நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள்.

மார்ச் 20, 2025

அலர்மேல்மங்கை வந்தாள். புத்தூர் பக்கம் மாங்கூழ் ஆலை வைத்திருப்பவள். வரித் தகராறில் அவள் பாங்க் கணக்கை முடக்கியிருக்கிறார்கள். நான் வாய்தா மேல் வாய்தா வாங்கும் மேல்முறையீடு அவளுடையதுதான்.

"சீசன் வந்துகினே கீதுக்கா. கணக்கைத் தொறக்கலன்னா காய் எப்டி வாங்கறது? ஆலைய மூடிட்டுப் போவவேண்டியதுதான். இன்னும் எத்தினி வாயிதா?"

நரசிம்மனிடம் கேட்டேன். "ஜூன்ல இந்த அதிகாரி மாறிடுவார். அதுவரைக்கும் இழு" என்றார். வழக்குக் கட்டு அவர் மேஜையில்தான் கிடந்தது, பிரிக்கப்படாமல். நான் போட்ட முடிச்சு எனக்குத் தெரியாதா? இவர் படிக்காததற்கு என் கால் பதில் சொல்ல வேண்டுமாம்!

ஏப்ரல் 21

நாளை விசாரணை. "வழக்கம்போல" என்று நரசிம்மனின் செய்தி.

அலர்மேல்மங்கைக்குப் போன் போட்டேன். "வக்காலத்துல என் பேரும் கீது. நானே பேசட்டா?"

"பேசுக்கா. தோத்தாலும் சரி, முடிஞ்சிடும் இல்ல?"

தோற்றால் அவளுக்கு ஆலை போகும், எனக்கு வேலை போகும். பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 22

நான் உள்ளே நுழைவதற்குள் அதிகாரி அடுத்த தேதியை எழுதியே முடித்துவிட்டார். வாயைத் திறக்கவில்லை நான்!

"வாய்தா வேண்டாம் சார், வாதாடப் போகிறேன்" என்று தெலுங்கில் சொன்னேன்.

"மீரா?" என்றார். நீங்களா? நாற்காலி பேசியதைப் போலத் திகைத்துப்போனார்.

உட்கார்ந்துகொண்டேதான் வாதாடினேன். சட்டம் பேச முட்டி எதற்கு? மற்றவர்களுக்குக் கூலிக்கு அரைத்துக் கொடுத்த கூழையெல்லாம் அவளே விற்றதாக எழுதி வரி போட்டிருக்கிறார்கள். பழம் கொண்டுவந்தவன் கூழைக் கொண்டுபோகிறான், அரைத்தவள் எதை விற்றாள்? ரசீதுகளை எடுத்து வைத்தேன். கேள்வி மேல் கேள்வி கேட்டார். அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

சாயங்காலம் நரசிம்மன் போனில் கத்தினார். "யாரைக் கேட்டுப் பேசின? நாளையிலிருந்து வராதே." "சரி சார்" என்றேன். சரி சார்! இருபது வருஷ மரியாதை, நாக்கை விட்டுப் போகமாட்டேங்குது. அழுதேன். ஆத்திரம்தான், வேறொன்றுமில்லை.

மே 14

வரி ரத்து. கணக்கைத் திறந்துவிட்டார்கள். அலர்மேல்மங்கை போனில் விசும்பினாள். நானும்தான்.

ஜூன் 19

சித்தூரில் என் பெயர்ப்பலகை மாட்டியாயிற்று. தரைத்தளம். வாசலில் சாய்தளம், நானே நின்று போடவைத்தது.

நரசிம்மனின் குமாஸ்தா சலீம் வந்திருந்தார். அந்த அதிகாரி மாறவே இல்லையாம். வேறொரு வழக்குக்கு வாய்தா கேட்க நரசிம்மனே இரண்டு மாடி ஏறினாராம். அதிகாரி அவரை மேலிருந்து கீழாகப் பார்த்து, இரண்டு கால்களையும் நன்றாகப் பார்த்து, காரணம் கேட்டாராம்.

"சொல்லத் தெரியாம முழிச்சிகினு நின்னாரும்மா. அப்ப இப்பவே வாதாடுங்கன்னுட்டாரு."

"அப்புறம்?"

"கட்டைப் பிரிக்கத் தெரியல. கடைசியில கத்திரிக்கோல் குடுத்தேன்."

நான் போட்ட முடிச்சு. சலீமுக்கு இன்னொரு டீ சொன்னேன்.