மூன்று பேர் என்று எழுதியிருந்தது

அக்டோபர் 3, வெள்ளி

மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்று பதினோரு பேருக்குக் கண் சோதித்தேன். ஒரு பெரியவர் எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வந்து கடகடவென்று ஒப்பித்தார். பலகையை மாற்றினேன். திருதிருவென்று விழித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

மாலையில் சிட்டு போன் செய்தாள். "அண்ணி, இலையெல்லாம் கொட்ட ஆரம்பிச்சாச்சு. இந்த வருஷமும் பறவை பாக்க சைக்கிள்ல போறோம். முடியாதுன்னீங்கன்னா வாசல்ல நின்னு மணி அடிச்சுக்கிட்டே இருப்பேன்." பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். நாற்பது பிள்ளைகளை அதட்டிப் பழகிய குரல்.

இவள் அண்ணன், என் கணவர், மார்ச்சில் வீட்டை விட்டுப் போனார். ஆகஸ்டில் விவாகரத்தும் ஆகிவிட்டது. அண்ணன் விட்டாலும் இந்தத் தங்கை என்னை விடவில்லை. ஞாயிறு தவறாமல் சாப்பிட வருகிறாள். அந்தக் குடும்பத்தில் எனக்கு மிஞ்சியது இவள் ஒருத்திதான். சரி என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 9

சைக்கிளைத் துடைத்தேன். அவர் சைக்கிள் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை. எத்தனை தேய்த்தும் போகவில்லை.

அக்டோபர் 11, சனி

விடுதி அறையில் எழுதுகிறேன். சிட்டு குளிக்கப் போயிருக்கிறாள், பாட்டு இங்கே வரை கேட்கிறது.

முப்பது கிலோமீட்டரை ஏழு மணி நேரம் ஓட்டினோம். அவசரம் யாருக்கு? கால்வாய்க் கரையோரம் பழுப்பு இலைகள் சக்கரத்தில் மாட்டிக்கொண்டு சரசரத்தன. அறுத்து முடிந்த சோளக்காட்டில் காட்டு வாத்துகள் மேய்ந்தன. முதல் பறவைகள் சரணாலயத்தில் 'சைக்கிள் மணி அடிக்காதீர்' என்று பலகை. மணியை விட இவள் வாய்தான் சத்தம். இரண்டு கொக்குகள் கோபித்துக்கொண்டு எழுந்து போயின.

முன்பெல்லாம் அவர் முதலில், நான் நடுவில், சிட்டு கடைசியில். பின்னால் வண்டி வந்தால் கடைசி ஆள் குரல் கொடுக்க வேண்டும். "அண்ணி, டிராக்டர்!" "அண்ணி, லாரி!" இன்றும் அதே குரல். ஆனால் எனக்கு முன்னால் யாருடைய முதுகும் இல்லை. பாதை தேவைக்கு மேல் அகலமாக இருந்தது. அழுதேன். சைக்கிளில் அழுவதில் ஒரு வசதி, காற்று கண்ணில் பட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

நாளை இரண்டாவது சரணாலயம். "அது வேணாம் அண்ணி, ஒரே சேறு" என்றாள். சேற்றுக்குப் பயந்தவளா இவள்? நான்தான் பிடிவாதமாகப் போவோம் என்றேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

ஏரிக்கரையில் பறவை பார்ப்பதற்கு மரத்தால் ஒரு குடில் கட்டியிருக்கிறார்கள். தூறல் என்று நான் உள்ளே ஒதுங்கினேன். சிட்டு வெளியே கழன்ற செயினை மாட்டிக்கொண்டிருந்தாள். வருகிறவர்கள் எழுதும் நோட்டு ஒன்று கயிற்றில் கட்டித் தொங்கியது. தேதி, பெயர், எத்தனை பேர், என்ன பறவை பார்த்தீர்கள். எங்களுக்கு எழுதிவிட்டு, பழைய பக்கங்களைப் புரட்டினேன். எதற்கு? அவர் கையெழுத்தைப் பார்க்கத்தான். வெட்கம் கெட்ட மனசு.

இருந்தது. போன அக்டோபர். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் என்று நான் ஆஸ்பத்திரி நாற்காலியில் பத்து நாள் தூங்கிய வாரம். "நானும் அண்ணனும் மட்டும் போயிட்டு வந்தோம், நீங்க இல்லாம போர்" என்று சிட்டு அப்போது என்னிடம் சொன்னாள். நோட்டில் அவர் கையெழுத்து. எத்தனை பேர் என்ற இடத்தில் 'மூன்று'.

நோட்டைப் பிடித்தபடியே கேட்டேன். "யாரு அந்த மூணாவது ஆள்?"

செயின் மசி அப்பிய கையோடு வாசலில் நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு வேறு பதில் தேவைப்படவில்லை.

"ஆபீஸ் ஃப்ரெண்டுன்னுதான் அண்ணி கூட்டிட்டு வந்தான். சாயங்காலத்துக்குள்ள எனக்குப் புரிஞ்சு போச்சு."

"புரிஞ்சப்புறம்?"

"நீங்க ஆஸ்பத்திரியில இருந்தீங்க. அப்புறம் சொல்லலாம்னு நெனச்சேன். அப்புறம், அவனே சரியாயிடுவான்னு நெனச்சேன். அண்ணி, அவன் என் அண்ணன். நான் என்ன பண்ணுவேன்?"

அஞ்சு மாசம். அவர் போற வரைக்கும் அஞ்சு மாசம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை என் கையால சாப்பிட்டா. நானும் ஒண்ணுமே தெரியாம இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோன்னு— ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறவ நான்!

"இனிமே என்னை அண்ணின்னு கூப்பிடாத" என்றேன். "அந்த வார்த்தை உன் வாயில வரவே கூடாது."

வீடு வரைக்கும் குறுக்கு வழியில் இருபத்திரண்டு கிலோமீட்டர். அவள் பின்னால்தான் வந்தாள். வண்டி வந்தபோது குரல் மட்டும் கொடுத்தாள்.

"கார்."

"லாரி."

அவ்வளவுதான்.

அக்டோபர் 13

கடைக்கு லீவு சொல்லிவிட்டேன். அவருக்காக அழுது தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். இது அவருக்காக இல்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

பகல் பன்னிரண்டுக்கு வாசல் மணி அடித்தது. சிட்டு. பயணத்துக்கு நான் கொண்டுபோன சாப்பாட்டு டப்பாவைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தாள். என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் மென்று முழுங்கினாள்.

"ஏங்க... டப்பா" என்றாள்.

பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவளைக் கூப்பிடுவது போல. சொன்னதைச் செய்கிறாள், குற்றம் சொல்ல முடியாது. இந்த ஒரு விஷயத்திலா என் பேச்சைக் கேட்க வேண்டும்?

"உள்ளே வா" என்று சொல்ல இரண்டு நொடிகூட ஆகாது. "வேலை இருக்கு" என்று கதவைச் சாத்தினேன். பிறகு ஜன்னல் ஓரமாக நின்று அவள் தெருமுனை திரும்பும் வரை பார்த்தேன். வீம்பு பிடித்தவள் நான், என்னை யாரும் திருத்த முடியாது.

நவம்பர் 2, ஞாயிறு

யாரும் வரவில்லை. ஒரு ஆளுக்கு அளவாகச் சமைக்க இன்னும் கை பழகவில்லை.

நவம்பர் 10

வெள்ளிக்கிழமை அவருக்கும் அந்த மூன்றாவது ஆளுக்கும் பதிவுத் திருமணம் நடந்ததாம். அவர் அலுவலகத்து ஆள் ஒருவர், ஃப்ரேமை மாட்டிக் கண்ணாடியில் அழகு பார்த்துக்கொண்டே சொன்னார். நான் அந்த ஃப்ரேம் அவருக்கு எடுப்பாக இருப்பதாகச் சொன்னேன். இல்லவே இல்லை.

வலித்தது. ஆனால் மனம் அவரிடமோ அவளிடமோ நிற்கவில்லை. சிட்டு அங்கே யார் பக்கத்தில் நின்றிருப்பாள், சாப்பிட்டாளா, சிரித்தாளா என்றே சுற்றிச் சுற்றிப் போனது. அவளுக்கு வேறு அண்ணன் இல்லை. அவள் போகாமல் இருந்திருக்க முடியாது. இதை அந்தக் குடிலிலேயே யோசித்திருக்கலாம்.

நவம்பர் 16, ஞாயிறு

காலையிலிருந்து போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதியே வைத்துக்கொண்டேன்: சாப்பிட வா, பழையபடியே கூப்பிடு, கோபத்தில் சொன்னேன். மதியம் கூப்பிட்டுவிட்டேன்.

"சொல்லுங்க" என்றாள்.

பின்னால் தட்டுகள் வைக்கும் சத்தம். அவர் சிரிப்பு. உப்பு எங்கே இருக்கிறது என்று ஒரு பெண் குரல் கேட்டது. சிட்டு போனிலிருந்து முகத்தைத் திருப்பி, "மேல் தட்டுல பாருங்க அண்ணி" என்றாள்.

தப்பில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவாள்? அண்ணன் மனைவி. முறை அதுதான். நான்தான் போனோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தான் சொன்னது என் காதிலும் விழுந்திருக்கும் என்று அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். பிறகு ரொம்ப மெல்ல, "லைன்ல இருக்கீங்களா?" என்றாள்.

தாள் கையில் இருந்தது. அதை நாலாக மடித்தேன்.

"உன் மூக்குக்கண்ணாடி ரெடியாயிடுச்சு, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்றேன்.

சிட்டு மூக்குக்கண்ணாடியே போடுவதில்லை. அவள் கண்ணை வருஷா வருஷம் நானேதான் சோதிக்கிறேன். ஒரு குறையும் கிடையாது.

அவள் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தட்டுச் சத்தமும் சிரிப்பும் நின்றுவிட்டன.

"சரி" என்றாள். "நாளைக்கு பஸ்ஸை விட்டதும் நேரா கடைக்கு வந்து வாங்கிக்கறேன்."