மீன் பெட்டியில் குளிர்ந்த வரைபடம்

நண்பரே,

உம்முடைய டெப்பின், அதுதான் அந்தப் பலகைக் கணினியின், உறை இப்போது என் மேசையில் கிடக்கிறது. கறுப்புத் தோல் உறை, தொடையில் கட்டுகிற பட்டியோடு. போன கிழமைதான் என் கைக்கு வந்தது. எப்படி வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். சவர்க்காரத் தண்ணீரில் துடைத்து வெயிலில் காயவைத்தேன். என்றாலும் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனால் சூரை மீன் மணம் இன்னும் வருகிறது. விமானத்துக்குள் வைக்கிற சாமானில் மீன் மணம் வருவதற்கு ஒரே ஓர் ஆள்தான் காரணம். அந்த ஆள் நான் இல்லை. இதை எழுத்தில் ஒருமுறை வைத்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மடல்.

நீர் விமானி. சீனன்குடாப் பக்கத்து ஓடுபாதையில் இருந்து, நான்கு பேர் இருக்கக்கூடிய சின்ன விமானத்தில் வெளியூர்க்காரரை ஏற்றிக்கொண்டு போய்த் துறைமுகத்தையும் கோணேசர் மலையையும் காலம் சரியாக இருந்தால் திமிங்கிலத்தையும் காட்டிக் கொண்டு வருவீர். நான் பட்டணத்தில் வானொலி திருத்துகிற கடை வைத்திருந்தவன். எனக்கு யாரும் எதையும் சொல்லித் தரவில்லை. கழற்றிப் பார்த்தும், ஆங்கிலக் கையேடுகளை எழுத்துக்கூட்டி வாசித்தும் படித்தது. கம்பனி காகித வரைபடங்களை விட்டுவிட்டுப் பலகைக் கணினிக்கு மாறியபோது, அவற்றைப் பார்த்துக்கொள்ள இங்கே ஆள் இல்லாமல் என்னைக் கூப்பிட்டார்கள். மின்னேற்றுவது, மாதா மாதம் புது வரைபடங்களை இறக்குவது, சண்டித்தனம் பண்ணினால் வழிக்குக் கொண்டுவருவது, எல்லாம் என் வேலை. கம்பனியின் கொழும்புக் கந்தோரில் இருந்து தொலைபேசி எடுக்கிறவர் ஒவ்வொரு முறையும் ஒரே கதைதான் கதைப்பார்.

"ஐயா, உங்களிட்டை இதுக்குச் சான்றிதழ் ஒண்டும் இல்லையே?"

"டெப்புக்கு அது தெரியாது தம்பி," என்பேன் நான்.

உமக்கு அந்தச் சாமானைக் கண்ணிலும் காட்டக்கூடாது. "இது வரைபடம் இல்லைக் காணும், தொலைக்காட்சி," என்பீர். காற்று விமானத்தை உலுப்புகிற நேரத்தில் கண்ணாடியைத் தொட்டால் விரல் வழுக்கி, திருகோணமலை இருந்த இடத்தில் இந்தியா வந்து நிற்கிறது என்பது உம்முடைய முறைப்பாடு. காகிதத்தை மடித்துத் தொடையில் வைத்தால் அது வைத்த இடத்தில் கிடக்கும் என்பீர். காகிதத்தில் நீர் இருக்கிற இடம் தெரியாது, இதில் உம்மையே ஒரு குட்டி விமானமாகப் போட்டுக் காட்டுகிறதே என்று நான் சொன்னால், "நான் எங்கை இருக்கிறன் எண்டு எனக்குத் தெரியும். அதை எனக்குச் சொல்ல ஒரு பலகை வேணுமோ?" என்று கேட்பீர். இந்த விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

பிறகு அந்த அறிவித்தல் வந்தது. எல்லா விமானிகளையும் டெப்பில் பரிசோதிப்பார்களாம். தவறினால் ஆசனம் இல்லையாம். நீர் அறுபதைத் தாண்டியிருந்தீர். இதை விட்டால் இன்னொரு கம்பனி உம்மை எடுக்காது என்று எனக்கும் தெரியும், உமக்கும் தெரியும். அன்று பின்னேரம் கடைக்கு வந்து, பழுதான மின்விசிறியைக் கொண்டு வந்து வைக்கிறவர் மாதிரி டெப்பை என் மேசையில் வைத்தீர்.

"காட்டித் தாரும்," என்றீர். அவ்வளவுதான் சொன்னீர்.

என்னுடைய பழைய காரில்தான் பழகினோம். நான் ஓட்ட, நீர் பக்கத்தில் டெப்பைத் தொடையில் கட்டிக்கொண்டு வழி சொல்ல வேண்டும். வெளியே பார்க்கக்கூடாது என்பது என் கட்டளை. கண்டி வீதியால் தம்பலகாமத்துக்குப் போனோம். அந்த டெப்புக்கு நாங்கள் விமானம்; அதனால் நிலத்துக்கு மிகக் கிட்டப் பறக்கிறீர்கள் என்று வழி முழுக்கச் சிவப்பாகக் காட்டி அலறிக்கொண்டே வந்தது. வயல் தொடங்குகிற இடத்தில் நான் காரைச் சடாரென்று நிறுத்தினேன்.

"ஏன் நிண்டனீர்? இன்னும் நேரை போகவேணும்," என்றீர், தலையை நிமிர்த்தாமல்.

"ஆனை நிக்குது."

"இதிலை ஆனை ஒண்டையும் காணேல்லை."

"வெளியிலை பாரும்."

"வெளியிலை பார்க்க வேண்டாம் எண்டு நீர்தானே சொன்னனீர்."

யானை தெருவைக் கடந்து குளத்துப் பக்கம் போகும்வரைக்கும் நாங்கள் அசையவில்லை. உமக்குச் சிரிப்பை அடக்க ஏலாமல் வயிறு குலுங்கியது. அந்த ஒரு மாதத்தில் நீர் டெப்பைப் பழகிவிட்டீர். விரல் வழுக்காமல் இருக்க மற்ற விரல்களைச் சட்டத்தின் ஓரத்தில் ஊன்றிக்கொண்டு பெருவிரலால் தொடுகிற வித்தையை நீராகவே கண்டுபிடித்தீர். நல்ல வித்தை. அதை அப்போது நான் சொல்லவில்லை.

மிச்சமிருந்த பிரச்சினை வெயில். எங்கள் ஊர் வெயிலில் விமானியின் கண்ணாடிக் கூண்டுக்குள் டெப்பை வைத்தால் அது கொதித்துப்போய், நான் ஆற வேண்டும் என்று ஒரு வரி எழுதிக் காட்டிவிட்டுக் கறுத்துவிடும். பரிசோதனைக்கு முந்திய கிழமையில் உமக்கு அப்படி நடந்தது. நான் மருந்து சொன்னேன்: புறப்படும்வரை ஆசனத்துக்குக் கீழே நிழலில் வையும், வெளிச்சத்தைக் குறையும், மின்னேற்றியைக் கழற்றும். நீர் தலையாட்டினீர். உம்முடைய தலையாட்டலை நான் நம்பியிருக்கக்கூடாது.

பரிசோதனை நாள் காலையில் ஓடுபாதைக்கு வருகிற வழியில் நீர் சல்லிக் கடற்கரைக்குப் போய் வீட்டுக்குச் சூரை வாங்கியிருந்தீர். ரெஜிபோம் நுரைப் பெட்டியில் ஐஸ் போட்டு, மீனை வைத்து, வாகனத்தின் பின்னால் வைத்திருந்தீர். நான் விமானத்தின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்ற நேரத்தில், டெப்பை உறையோடு ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு அந்த ஐஸுக்குள் செருகிவிட்டீர். நான் அதை எல்லா இடமும் தேடினேன். கொழும்பில் இருந்து வந்த பரிசோதகர் அம்மா ஏறி இருந்த பிறகுதான் நீர் அதைக் கொண்டுவந்தீர். கதவடியில் நின்ற என் கையில் ஒரு கணம் தொட்டுக் காட்டினீர். பனிக்கட்டி.

"இனிக் கொதிக்காது, பாரும்," என்று கண்ணைச் சிமிட்டினீர்.

சோடாப் போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் இருந்து எடுத்து மேசையில் வைத்தால் அது வியர்ப்பதை நீர் வாழ்நாளில் பார்க்கவில்லையா? நான் வாயைத் திறக்க முன் கதவைச் சாத்திவிட்டீர்.

மேலே நடந்ததை உம்முடைய வாயாலும் பிறகு அந்த அம்மாவின் வாயாலும் கேட்டேன். இரண்டும் ஒத்துப்போனது, ஆகவே நம்புகிறேன். விமானம் கடலுக்கு மேலே திரும்பியபோது டெப்பின் கண்ணாடி பால்போல் மூடிவிட்டது. நீர் சட்டைக் கையால் துடைத்தீர். திரும்ப மூடியது. துளித் தண்ணீரெல்லாம் விரல் என்று நினைத்து வரைபடம் தன்பாட்டுக்கு ஓடத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து அந்த அம்மா, "புல்மோட்டைக்குத் திருப்புங்க," என்றார்.

புல்மோட்டை உமக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகத் தெரிந்த இடம். கரையைப் பிடித்துக்கொண்டு வடக்கே போனால் மணல் நிறம் மாறுகிற இடத்தில் வரும். வேறு யாராக இருந்தாலும் போயிருப்பார்கள். நான் என்றால் போயிருப்பேன். நீர் போகவில்லை. கிண்ணியாப் பாலத்துக்கு மேலே வந்து வட்டமடிக்கத் தொடங்கினீர். கீழே நின்ற எனக்கு அது குடாவுக்கு அப்பால் வடிவாகத் தெரிந்தது. ஒரு வட்டம், இன்னொரு வட்டம், பிறகும் ஒன்று. உமக்கு ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்து ஓடுபாதை ஓரத்துக்கு ஓடினேன்.

"ஏன் சுத்துறீங்க?" என்று கேட்டாராம் அந்த அம்மா.

"வழி தெரியும், மிஸ். ஆனா இண்டைக்கு வானத்திலை எந்தப் பக்கத்தை மூடியிருக்கினம் எண்டது இதிலைதான் இருக்கு. அது தெரியாமல் போகேலாது. கீழை இருக்கிற பாலத்தை எனக்குத் தெரியும். கண்ணாடி காயட்டும், போவம்."

கண்ணாடி காய்ந்தது. அன்று கடற்படையார் கடலில் சுட்டுப் பழகுகிறார்கள் என்று கரையோர வானத்தில் ஒரு துண்டை மூடியிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு போயிருந்தால் நேரே அதற்குள் போயிருப்பீர். சுற்றிக்கொண்டு போய், புல்மோட்டையைக் காட்டிவிட்டு வந்து இறங்கினீர்.

இதுவரைக்கும் எங்களுக்குள் சண்டை இல்லை. இனித்தான் சண்டை.

இறங்கினதும் அந்த அம்மா டெப்பைக் கையில் எடுத்தார். உறையின் மடிப்பில் இருந்து தண்ணீர் சொட்டியது. மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"இதை யார் ஐஸ்ல வைச்சது?"

பறக்கிறதுக்கு முன் சாமானைக் கெடுத்தவர் விமானி என்றால் பரிசோதனை முடிந்தது. மேலே எவ்வளவு ஒழுங்காக ஓட்டியிருந்தாலும் ஆசனம் போய்விடும். அது எங்கள் இருவருக்கும் தெரியும். நான் உம்மைப் பார்த்தேன். நீர் காற்றுத்திசை காட்டுகிற துணிக்குழாய்க் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றீர். நான் காத்திருந்தேன். அந்த அம்மா பேனையை எடுத்தார்.

"நான்தான்," என்றேன்.

என் வாழ்நாளில் நான் செய்த பிழையையே நான் ஒத்துக்கொண்டதில்லை. என் மனைவியைக் கேட்டால் சொல்லுவார். செய்யாத ஒன்றை அன்று ஒத்துக்கொண்டேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவரைக் கொஞ்ச நாளைக்கு இதுகளுக்குக் கிட்ட விடாதீங்க," என்று கம்பனிக்காரருக்குச் சொன்னார். பரிசோதனையில் உமக்குச் சித்தி, ஆசனம் தப்பியது. வட்டமடித்ததைத் தனியாக மெச்சியும் எழுதினார். கொழும்புக் கந்தோருக்கு அது கொண்டாட்டம். சான்றிதழ் இல்லாத ஆளை வைத்தால் இப்படித்தான் என்று சில மாதம் என்னை நிறுத்தி வைத்தார்கள். திரும்பக் கூப்பிட்ட பிறகும் ஓடுபாதையில் என் பெயர் மாறிவிட்டது. "ஐஸ் அண்ணை, இண்டைக்கு எத்தினை கிலோ?" என்று எண்ணெய் நிரப்புகிறவன்கூடக் கேட்பான். நீரும் சேர்ந்து சிரிப்பீர்.

தேத்தண்ணிக் கடையில் வைத்து உம்மைக் கேட்டேன். ஒருமுறை இல்லை, பல முறை.

"ஏன் காணும் வாயைத் திறக்கேல்லை?"

"நான் சொல்லத்தான் இருந்தனான். நீர் முந்தீட்டீர்."

"நீர் கொடியைப் பார்த்துக்கொண்டு நிண்டனீர்."

"எப்பிடிச் சொல்லுறது எண்டு யோசிச்சனான். கண்ணாடி காய முந்தி நீர் புறப்பட்டிட்டீர். அதுக்கு நான் என்ன செய்ய?"

இதே கேள்வி, இதே பதில். நீர் பறப்பதை நிறுத்திய பிறகும், இருதய வருத்தத்தோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் அதுவேதான். கடைசியாக உம்மைப் பார்த்த நாளில், மூச்சு வாங்க வாங்க, "சொல்லத்தான் இருந்தனான்," என்றீர். "நீர் சொல்லியிருக்க மாட்டீர்," என்றேன். நீர் சிரித்தீர். அதுவே எங்கள் கடைசிக் கதையாகும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

போன கிழமை உமக்கு முதலாம் ஆண்டுத் திவசம். கோயிலில் பூசை முடிந்து உம்முடைய வீட்டில் சாப்பாடு. உம்மோடு ஓட்டின விமானி ஒருவர் எழும்பி ஐஸ் கதையைச் சொன்னார். இப்போது அந்தக் கதையில் நான் டெப்பை மீனோடு சேர்த்து வெட்டப் போனதாக எல்லாம் வந்துவிட்டது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானில்லை என்று சொல்ல எழும்பினேன். முன்னால் கதிரையில் உம்முடைய வீட்டுக்காரி, ரீச்சர், வெள்ளைச் சேலையோடு இருந்து சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன். திரும்பக் கதிரையில் இருந்துவிட்டேன்.

எல்லாரும் போன பிறகு அவர் குசினிக்குள் இருந்து, மீன் மணத்துக்காகக் கம்பனி கழித்துவிட நீர் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்த இந்த உறையை எடுத்துக்கொண்டு வந்தார்.

"அண்ணை, இது உங்களுக்குத்தான் சேரவேணும். பெட்டியிலை வைச்சது அவர்தான் எண்டு எனக்குத் தெரியும். அண்டைக்குச் சூரையைக் கழுவேக்கையே சொல்லிப்போட்டார்."

"அப்ப ஏன் ரீச்சர் இவ்வளவு காலமும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"அந்தச் சண்டையை முடிச்சு விட்டா, பிறகு நீங்கள் ரெண்டு பேரும் எதைக் கதைப்பியள்?"

நான் உறையை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். அவர் வாசல்வரை வந்து இன்னொன்றும் சொன்னார்.

"அவர் சொல்ல வாயெடுத்தவராம் அண்ணை. நீங்கள்தான் முந்தீட்டியளாம். எனக்கு ஒருநாளும் பொய் சொன்னவரில்லை."

வழக்கமான நான் என்றால் வாசலில் நின்றபடியே பதில் சொல்லியிருப்பேன். அன்று படியிறங்கிவிட்டேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு கடற்கரை வீதியால் நடந்து வந்தேன். நீர் அந்தக் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம் எவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். எனக்கு அது நீண்டதாகத்தான் இருந்தது. பாலத்துக்கு மேலே வட்டமடித்த நேரமும் அப்படித்தான் இருந்தது.

நீர் சொல்லியிருப்பீர் என்று நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. உமக்காகவும் ஒத்துக்கொள்ள மாட்டேன், ரீச்சருக்காகவும் மாட்டேன். ஆனால் மாட்டீர் என்று முன்னைப்போல் அடித்துச் சொல்லவும் இந்தக் கிழமை வாய் வரவில்லை. உறையை மேசையில் வைத்துக்கொண்டு இருக்கிறேன்.

கண்ணாடி காயட்டும், பார்ப்போம்.