வெள்ளைச் சட்டை வேண்டாம்

பிப்ரவரி 9

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள். போன கடிதத்தில் என்னை ஒரு பக்கம் முழுக்கத் திட்டியிருந்தீர்கள். உடம்பு முடியாதவர்களுக்கு அவ்வளவு தெம்பு வராது. போதகரின் ஒற்றைச் செருப்பை நான் ஒளித்து வைக்கவில்லை. இரண்டையும்தான் ஒளித்து வைத்தேன்.

அப்பா இன்னும் பஸ் நிலையத்தில்தான் அறிவிப்பு செய்கிறார். வலது கையைப் போர் வாங்கிக்கொண்டது, இடது கை நடுங்குகிறது, மைக் மட்டும் தானாக நிற்கிறது. யாராவது "ஒரு கை பார்த்துவிடுகிறேன்" என்றால், "எங்கள் வீட்டில் தினமும் அதுதான்" என்பேன். அப்பா சிரிப்பார். அம்மா கரண்டியைத் தேடுவாள்.

ஒரு செய்தி. சபைக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஏற்ற இறக்கம் தெரிந்த மனிதர் என்று நானே பட்டம் கொடுத்திருந்தேன். போன ஞாயிறு சாட்சி சொல்ல எழுந்தார். போரில் அந்தப் பக்கத்தில் இருந்தாராம். ஆற்றோர நீரேற்று நிலையத்தின் மேல் குண்டு போட்டவர்களில் தானும் ஒருவராம். இயேசுவிடம் சொல்லிவிட்டேன், மனிதர்களிடம்தான் இன்னும் சொல்லவில்லை என்றார்.

அப்பா கையை விட்டுவிட்டு வந்தது அங்கேதான். மாமாவை விட்டுவிட்டு வந்ததும் அங்கேதான். நான் போட்டோவில் மட்டும் பார்த்த உங்கள் வீட்டுக்காரர். அப்பா எழுந்து வெளியே போய், பஸ்ஸே வராத தெருவில் பஸ்ஸுக்கு நிற்பதுபோல் நின்றார்.

எங்கள் சபையின் வழக்கம் உங்களுக்கு மறந்திருக்காது. திருவிருந்துக்கு ஒரே கிண்ணம் திராட்சை ரசம். பெஞ்சு பெஞ்சாகக் கைமாறி வரும். மனதில் பகை இருக்கிறவர் குடிக்காமல் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட வேண்டும். அப்பா இப்போது குடிப்பதில்லை. மன்னிப்புக் கிடைக்கும்வரை தனக்கும் வேண்டாம் என்று லிஃப்ட்காரரும் குடிப்பதில்லை. முழுச் சபையும் பாட்டுப் புத்தகத்துக்கு மேலாக இரண்டு வாய்களையும் எட்டிப் பார்க்கிறது.

மே மாதம் எனக்குத் திடப்படுத்தல், அதன்பிறகு நானும் கிண்ணத்தில் குடிக்கலாம். வருவதாகச் சொன்னீர்கள். நான் மறக்கவில்லை.

உங்கள் வாயாடி

*

பிப்ரவரி 27

என் வாயாடிக்கு,

கடிதம் வந்தது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இந்த வாரம் நீராவி இயந்திரம் கெட்டுவிட்டது. நூற்றுக்கணக்கான விரிப்புகளைக் கையால் தேய்த்தோம். அதனால் பதில் தாமதம்.

அவனைப் பற்றி இனி எழுதாதே. உன் அப்பா குடிக்காமல் இருப்பதுதான் சரி. அப்படியே இருக்கச் சொல்.

நீயே ஒருநாள் கேட்டாய், ஜெபத்தில் ஒரே இடத்தில் ஏன் எனக்கு இருமல் வருகிறது என்று. பிறரை மன்னிப்பதாகச் சொல்லும் அந்த வரிதான். உன் மாமா போனதிலிருந்து அங்கே வந்ததும் இருமிவிடுவேன். பொய் சொல்வதைவிட இருமுவது மேல்.

உனக்கு வெள்ளை உடுப்புக்குத் துணி எடுத்து வைத்திருக்கிறேன். இடுப்பளவு அனுப்பு.

அத்தை

*

மார்ச் 20

அன்புள்ள அத்தைக்கு,

இடுப்பளவைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவரைப் பற்றி எழுதாதே என்றீர்கள். என்னைப் பற்றி எழுதுகிறேன். அவர் நடுவில் வந்தால் நான் என்ன செய்வது?

அப்பாவுக்குக் கிண்ணத்தை வாயருகே பிடிக்கிறது எப்போதும் நான்தான். போன ஞாயிறு ஆராதனைக்கு முன்பே லிஃப்ட்காரரிடம் போய், "உங்களை மூணாவது பெஞ்சுல உட்காரச் சொன்னாங்க" என்றேன். யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. இந்த மனிதரைச் சுலபமாக ஏமாற்றலாம். மூன்றாவதுதான் எங்கள் பெஞ்சு; அவர் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். கிண்ணம் அங்கே வரும் நேரம் பார்த்து எனக்கு இருமல் வந்தது. உங்களிடம் கற்றதுதான். வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய், கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன்.

இருவர் முகத்தையும் காண ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அவர் குடிக்கவில்லை. அப்பாவிடம் நீட்டினார். அப்பாவின் இடது கை பாதிவரை வந்து நடுங்கியது. வாங்கினால் கொட்டும். அதைத் தாண்டி அம்மாவிடம் கொடுத்துவிட்டால் ஆயிற்று. அவர் அப்படிச் செய்யவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். போதகர் அடுத்த வசனத்தையே மறந்துவிட்டார்.

அப்பா சொன்னது கதவுவரை கேட்டது. பஸ் நிலையக் குரல் அல்லவா.

"கொஞ்சம் சாய்ங்க."

அவர் சாய்த்தார். அவர் கையும் நடுங்கிற்று. பாதி உள்ளே போனது, பாதி அப்பாவின் சட்டையில். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நான் சிரிக்கலாம் என்று இருந்தேன், முடியவில்லை.

உங்கள் வாயாடி

*

ஏப்ரல் 6

உனக்கு,

நீ விளையாடியது உன் மாமாவின் கல்லறை மேல்.

உன் அப்பாவுக்குப் போனது கை. அதை அவன் யாருக்கு வேண்டுமானாலும் மன்னித்துக் கொடுக்கட்டும். எனக்குப் போனதை மன்னிக்க என் தம்பிக்கு யார் உரிமை கொடுத்தது? கேட்டுச் சொல்.

மே மாதம் எனக்கு விடுப்பு கிடைக்காது. துணியைத் தபாலில் அனுப்புகிறேன்.

அத்தை

பி.கு. திராட்சைக் கறைக்கு உன் அம்மா வெந்நீர் விட்டிருப்பாள். விடக்கூடாது. பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஊறவைக்கச் சொல்.

*

ஏப்ரல் 24

அன்புள்ள அத்தைக்கு,

வெந்நீர்தான் விட்டாள். கறை இப்போது சட்டைக்குச் சொந்தக்காரன்.

நீங்கள் கேட்டதை அப்பாவிடம் அப்படியே வாசித்தேன். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு, "அக்காகிட்ட சொல்லு, என் கைக்கு மட்டுந்தான் குடிச்சேன்" என்றார். கிண்ணத்தில் குடித்த அன்றைக்கே ஆலய வாசலில் லிஃப்ட்காரரிடமும் சொல்லிவிட்டாராம்: "என் பங்கு முடிஞ்சுது. எங்க அக்கா பங்குக்கு நான் பேச முடியாது."

லிஃப்ட்காரர் "சரிங்க" என்றாராம்.

இப்போது அவர் மூன்றாவது பெஞ்சில்தான் உட்காருகிறார். ஒவ்வொரு திருவிருந்திலும் அப்பாவுக்குக் கிண்ணம் பிடிக்கிறார். என் வேலை போய்விட்டது. அவர் மட்டும் இன்னும் குடிப்பதில்லை. போதகரே வற்புறுத்திப் பார்த்தார். "அந்த அம்மா இன்னும் ஒண்ணும் சொல்லலீங்களே" என்றார். உங்களுக்கு எழுதட்டுமா என்று அப்பாவிடம்கூட அவர் கேட்கவில்லை. கேட்டால் உங்களை நெருக்குவதுபோல் ஆகிவிடுமாம்.

இதை நெருக்குவதற்காக நான் எழுதவில்லை. நீங்கள் கேட்டுச் சொல்லச் சொன்னீர்கள், சொல்லிவிட்டேன். ஏமாற்றி உட்கார வைத்ததற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "தெரியும் பாப்பா, பெஞ்சு பார்த்து உட்கார வைக்க நம்ம சபையில ஆளே கிடையாதே" என்றார். தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறார்.

துணி வந்தது. அம்மா தைத்துப் பார்த்தாள், இடுப்பு சரி. ஆனால் கழுத்துப்பட்டி தைக்க இங்கே யாருக்கும் வரவில்லை. இது பொய் இல்லை. பாதிதான் பொய்.

உங்கள் வாயாடி

*

மே 8

என் வாயாடிக்கு,

கழுத்துப்பட்டியைத் தைக்காமல் வை. நான் வந்து தைக்கிறேன். பதினெட்டாம் தேதியிலிருந்து உன் திடப்படுத்தல்வரை விடுப்பு. கேட்டதும் கிடைத்துவிட்டது, இதற்கு முன் நான் கேட்கவேயில்லை.

நேற்று ஜெபத்தில் அந்த வரி வந்தது. இருமவில்லை. சொல்லவும் இல்லை. வாயைத் திறந்தபடி நின்றேன், எல்லோரும் அந்த வரியைக் கடந்து போனார்கள். இத்தனை வருடமும் அந்த இடத்தில் நான் ஒருத்திதான் நிற்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

மூன்றாவது பெஞ்சில் எனக்கு இடம் போடு. அந்த லிஃப்ட்காரர் கையிலிருந்து நான் வாங்க மாட்டேன். கிண்ணம் என் பக்கமிருந்து வரட்டும். நான் பிடிக்கிறேன். குடிப்பதும் விடுவதும் அவர் பாடு.

அன்றைக்கு வெள்ளைச் சட்டை வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவை. என் கையும் நடுங்கும்.

அத்தை